வேண்டுதல் மணியான வரலாறு

நம் சங்கத்தின் சார்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறும் தமிழ் வகுப்பில் சிறார்க்கு எழுத்துக் கற்பிக்கும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகின்றேன். இவ்வூரிலேயே பிறந்து, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பயின்று, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் பிள்ளைகள் அவர்கள். ஒருநாள் ‘மணி’ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதற்குரிய பொருள்களை ஒவ்வொன்றாகக் கூறினேன். கழுத்தில் அணிவது மணி. கோயிலில் ஒலிப்பது மணி. கடிகாரம் காட்டுவது மணி. கதிரில் விளைவது நெல்மணி. கண்ணின் பாவை கண்மணி. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, “சார், இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கிறதே! தமிழில் வார்த்தை போதவில்லையா?” என்று கேட்டாள்.

அவள் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஐயுற்றுக் கேட்டாள். ஆதலின் அவ்வினா என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அயல் மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் தாய்மொழியைப் பிற மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பு. அவ்வாறு ஒப்பிடும்போது தமிழ் வறியதென்று அவர்கள் எண்ணி விடுவாராயின், அக்குறை மொழியினுடையதன்று. விடை கூறத் தெரியாத நம்முடையதே. அன்று எனக்கு விடை கூறத் தெரியவில்லை. அவள் தனிச்சொல் என்று சுட்டிய ஆங்கிலச் சொற்களுள் முதலாவது, கோக்கும் மணியைக் குறிக்கும் ‘பீட்’ என்பதாகும். அச்சொல்லின் வரலாற்றை நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்தறிந்தவற்றை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இறைவனை வேண்டுதல்

‘பீட்’ என்னும் சொல் தோன்றிய காலத்தில் அதற்கு மணி என்னும் பொருளே இல்லை. கி.பி. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் ‘யெபெட்’ என்றொரு சொல் இருந்தது. இறைவனை வேண்டுதல் என்பதே அதன் பொருள். அதன் உடன்பிறப்பாகிய ‘கெபேட்’ என்னும் சொல் இன்றும் ஜெர்மன் மொழியில் பிரார்த்தனையையே குறிக்கின்றது. ஜெர்மானியர் நாள்தோறும் ‘தயவு செய்து’ என்னும் பொருளில் கூறும் ‘பிட்டே’ என்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வேண்டுதலைக் குறித்த சொல் கண்ணாடி உருண்டைக்கும் கல் உருண்டைக்கும் பெயரானது எவ்வாறு? இடைக்கால ஐரோப்பாவின் துறவி மடங்களில் விவிலியத்தின் 150 சங்கீதங்களையும் முறையாக ஓதும் வழக்கம் இருந்தது. எழுத்தறியாதோர் அவற்றை ஓத இயலாமையால், ஏசு கற்பித்த ‘எங்கள் தந்தையே’ எனத் தொடங்கும் சிறு செபத்தைப் பன்முறை கூறினர். எத்தனை முறை கூறினோம் என்று கணக்கு வைத்துக் கொள்ளக் கூழாங்கற்கள் பயன்பட்டன; முடிச்சிட்ட கயிறுகள் பயன்பட்டன; கயிற்றில் கோத்த மணிகளும் பயன்பட்டன. 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கொடைவா என்னும் இங்கிலாந்துப் பெருமாட்டி, தாம் செபித்துவந்த இரத்தினக் கற்களின் கோவையைக் கவென்ட்ரி நகரத்து மடத்திற்கு விட்டுச் சென்றார் என்று அடுத்த நூற்றாண்டின் வரலாற்றாசிரியரான மால்ம்ஸ்பரி வில்லியம் எழுதியுள்ளார்.

13-ஆம் நூற்றாண்டிற்குள் செபமாலை செய்தல் ஒரு பெருந்தொழிலாயிற்று. பாரிஸ் நகரத் தொழில்களின் சட்டதிட்டங்களை எத்தியென் புவாலோ என்பவர் 1268-ஐ ஒட்டித் தொகுத்தபோது, எலும்பிலும் கொம்பிலும் மணி கடைவோர், பவளத்திலும் சிப்பியிலும் கடைவோர், அம்பரில் கடைவோர் எனச் செபமாலைத் தொழிலாளர் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்திருந்தனர். இலண்டனில் புனித பவுல் பேராலயத்தை ஒட்டியிருந்த ‘பேட்டர்நாஸ்டர் ரோ’ என்னும் தெருவின் பெயரும் இத்தொழிலாளரை நினைவூட்டுவதாகவே கருதப்படுகின்றது.

‘வேண்டுதல்களை எண்ணுகின்றான்’ என்று கூறும்போது, காண்பவர் கண்ணுக்குத் தெரிவது விரலிடையே நகரும் மணிகளே. நாளடைவில் வேண்டுதலின் பெயர் மணிக்கு ஏறியது. 14-ஆம் நூற்றாண்டில் இம்மாற்றம் நிகழ்ந்தது. நன்னூல் பயின்ற நமக்கு இஃது ஒன்றும் புதிதன்று. ‘பொங்கல் உண்டான்’ என்கிறோம். பொங்குதல் ஒரு தொழில். அத்தொழிலின் பெயர் பொங்கிய சோற்றுக்கு ஆகி வந்தது. ‘வற்றல் தின்றான்’ என்பதும் அவ்வாறே. இதனைத் தொழிலாகுபெயர் என்று நம் இலக்கணம் பெயரிட்டு வைத்துள்ளது. ஆங்கிலேயர் அறியாமலே செய்த தொழிலாகுபெயர்தான் ‘பீட்’.

பிறர்க்காக வேண்டியோர்

இதே சொல்லினின்று ‘பீட்ஸ்மன்’ என்னும் சொல்லும் பிறந்தது. பிறர் நலனுக்காகவும், இறந்தோர் ஆன்மாவுக்காகவும் இறைவனை வேண்டுதற்கென்றே உணவும் உறைவிடமும் அளித்து வைக்கப்பட்ட வறியவன் பீட்ஸ்மன் எனப்பட்டான். செல்வர் அறச்சாலை அமைத்து முதியோரை அங்கே குடியமர்த்துவர்; அவர்கள் செல்வரின் பொருட்டுச் செபமாலை உருட்டுவர். கீட்ஸ் 1820-இல் வெளியிட்ட ‘புனித ஆக்னஸின் முன்னிரவு’ என்னும் கவிதை அத்தகைய ஒருவனோடு தொடங்கி, அவனோடே முடிகின்றது. காதலர் இருவர் தப்பிச் செல்லும் கதைக்கு முன்னும் பின்னும், பிறர்க்காகக் குளிரில் மணி உருட்டிய அந்த ஏழையை நிறுத்தி வைத்தார் கவிஞர்.

15, 16-ஆம் நூற்றாண்டுகளில் உயர்ந்தோர்க்கு விண்ணப்பம் எழுதுவோர், மடலின் இறுதியில் தம்மைப் ‘பீட்ஸ்மன்’ என்று குறித்துக் கொள்வதும் உண்டு. உமக்காக இறைவனை வேண்டிக் கொண்டிருக்கும் எளியேன் என்பது அதன் கருத்து. என் போன்ற எழுத்தர்க்கு இச்செய்தி தனிச் சுவை தருவதாகும். ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்னும் முடிவுரையைப் பல்லாண்டுகள் தட்டச்சில் அடித்த கைகள் எம்முடையவை. அவ்வூழியனுக்கு முன்னோன் ஒருவன் இருந்தான் என்பதும், அவன் கையில் கோப்பு இராமல் செபமாலை இருந்தது என்பதும் அறியத்தக்கவை.

மனம் நீங்கிய மணி

சமயச் சீர்திருத்தக் காலத்தில் இச்சொல்லின் வாழ்வு திசை மாறியது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1538-இல் திருச்சபைக்கு விடுக்கப்பட்ட ஆணைகளுள், பொருள் உணராமலும் மனம் ஊன்றாமலும் மணிகளை எண்ணிச் செபித்தல் கண்டிக்கப்பட்டது. முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் 1571-இல் இயற்றப்பட்ட சட்டம், ரோமாபுரியிலிருந்து வரும் சிலுவைகள், படங்கள் ஆகியவற்றோடு செபமணிகளையும் நாட்டிற்குள் கொண்டு வருதலைக் குற்றமாக்கியது. கத்தோலிக்கக் குடும்பங்கள் அவற்றை மறைத்து வைத்து வழிபட்டன. பொதுவழக்கிலோ, வேண்டுதல் என்னும் பழம்பொருள் சொல்லினின்று மெல்ல உதிர்ந்தது. உருண்டையும் துளையும் மட்டும் எஞ்சின.

மனம் ஊன்றாது மணி உருட்டுதலைக் கண்டித்தோர் நம் நாட்டிலும் இருந்தனர். இந்தியில் கோக்கும் மணிக்கு ‘மன்கா’ என்று பெயர். ‘மனத்தினுடைய’ என்பதற்கும் அதே ஒலி. கபீர்தாசரின் ஈரடி ஒன்று இவ்விரு பொருளையும் ஒரு சொல்லில் வைத்து, கை மணியை விட்டு மன மணியைத் திருப்புமாறு அறிவுறுத்துகின்றது. இதனை நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்கின்றனர். இங்கிலாந்தின் அரசாணையும் காசி நெசவாளரின் பாட்டும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே குறையைச் சுட்டின. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அரசாணை மணியைப் பறித்தது. கபீரோ மணியை மனத்திற்குள் இடம் மாற்றினார்.

எண்ணும் இரு பொருள்

செபமாலை உருட்டுதலை ஆங்கிலத்தில் ‘டெல்’ என்னும் வினையால் குறிப்பர். இன்று அவ்வினைக்குச் சொல்லுதல் என்பது பொருள். பண்டு எண்ணுதல் என்பதும் அதன் பொருளாக இருந்தது. வங்கியில் பணம் எண்ணித் தருபவரை ‘டெல்லர்’ என்று அழைப்பது அப்பழம்பொருளின் எச்சமே.

இவ்விடத்தில் நம் தமிழை நோக்குவோம். ‘எண்ணுதல்’ என்றால் ஒன்று, இரண்டு என்று கணக்கிடுதலும் ஆகும். உள்ளத்தால் நினைத்தலும் ஆகும். ஒரே சொல். உருத்திராக்க மாலையின் 108 மணிகளை உருட்டும் சிவனடியாரும், துளசி மணி தாங்கிய வைணவரும், 33 அல்லது 99 மணிகள் கொண்ட தஸ்பீஹைக் கையில் வைத்து இறைவன் திருப்பெயரைக் கூறும் இசுலாமியரும், ஐம்பத்து மூன்று ‘மங்கள வார்த்தை’ செபங்களுக்குரிய மணிகளைக் கொண்ட செபமாலையை ஏந்தும் கிறித்தவரும் செய்வது இவ்விரண்டையுந்தான். விரல் கணக்கிடுகின்றது, மனம் நினைக்கின்றது. இரண்டும் ஒருங்கே நிகழுமாயின் அது வழிபாடு. பிரிந்தால் வெறும் உருட்டல். ஆங்கிலம் சட்டம் இயற்றியும், கபீர் பாடியும் வலியுறுத்திய உண்மையைத் தமிழ் ஒரு வினைச்சொல்லிலேயே வைத்திருக்கின்றது.

மணி என்னும் சொல் வடமொழியிலும் பழமையான வழக்குடையது. இஃது எங்கிருந்து எங்குச் சென்றது என்னும் வழக்கினுள் நாம் புக வேண்டுவதில்லை. அச்சொல் தமிழில் கிளைத்த வகையே நமக்கு வேண்டுவது. மாணிக்கமும் நீலமும் போன்ற கற்கள் மணி எனப்பட்டன. உருண்டு திரண்டமையால் நெல்லும் மணியாயிற்று. ஒலிக்கும் கருவி மணியாயிற்று. நேரம் அறிவிக்க அது அடிக்கப்பட்டமையால் நேர அளவும் மணியாயிற்று. அரசுக் கருவூலங்களில் காவலர் வெண்கலத் தகட்டை அடித்து ஊருக்கு நேரம் அறிவித்த காலத்தை மூத்தோர் அறிவர். ஆங்கிலத்தில் கடிகாரத்தைக் குறிக்கும் ‘கிளாக்’ என்னும் சொல்லும் ஆலய மணியைக் குறித்த சொல்லினின்றே தோன்றியது. ஜெர்மன் மொழியில் ‘குளோக்கே’ என்றால் இன்றும் மணிதான். நேரத்தை மணியோசையால் அறிந்த மக்கள் எவராயினும் இவ்வாறே பெயரிட்டனர்.

‘பீட்’ என்பதும் ஒரு பொருளோடு நின்று விடவில்லை. நெற்றியில் அரும்பும் வியர்வைத் துளி ‘பீட்’. துப்பாக்கிக் குழலின் முனையில் குறி பார்க்க வைத்த சிறு குமிழ் ‘பீட்’. வாகனச் சக்கரத்தின் இரும்பு விளிம்பைக் கவ்வும் டயரின் தடித்த ஓரம் ‘பீட்’. மரச்சட்டத்தின் ஓரத்தில் தச்சர் அடிக்கும் மெல்லிய கட்டை ‘பீடிங்’. நம் வீட்டுக் கதவுக்குப் பீடிங் அடிக்கும் தச்சர், ஆங்கிலேயரின் பழைய பிரார்த்தனை ஒன்றைத் தம்மை அறியாமலே உச்சரிக்கின்றார்.

அற்பப் பொருளா?

வேண்டுதலை இழந்த ‘பீட்’ வணிகக் கப்பலில் ஏறியது. வெனிஸ் நகரத்து முரானோத் தீவில் செய்த கண்ணாடி மணிகளை ஐரோப்பியர் ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் பெருமளவில் கொண்டு சென்றனர். அவற்றைக் கொடுத்து அவர்கள் பெற்ற பண்டங்களுள் பொன்னும் தந்தமும் இருந்தன. அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் இருந்தனர். மணியின் வரலாற்றில் இது கறை படிந்த பகுதியாகும்.

அவ்வணிகத்தினின்று மற்றொரு தீங்கும் விளைந்தது. மணியைப் பெற்றோர் அறிவிலிகள் என்னும் எண்ணம் பரவியது. 24 டாலர் பெறுமான மணிகளுக்கு மன்ஹாட்டன் தீவையே செவ்விந்தியர் விற்று விட்டனர் என்னும் கதையைப் பள்ளிப் புத்தகங்களிற்கூடப் படித்திருப்போம். அவ்விற்பனை பற்றிய சான்று, பீட்டர் ஸ்காகென் என்பார் 1626 நவம்பர் 5-இல் ஆலந்து அரசுக்கு எழுதிய மடலாகும். அதில் 60 கில்டர் பெறுமான பொருளுக்குத் தீவு வாங்கப்பட்டது என்று மட்டுமே உள்ளது. மணி என்னும் சொல்லே இல்லை. மணிகள் பிற்காலத்தார் கோத்தவை. உண்மையில், அமெரிக்காவின் வடகிழக்குப் பழங்குடியினர் சிப்பியில் கடைந்த ‘வாம்பம்’ என்னும் மணிகளைப் பட்டைகளாகப் பின்னி, உடன்படிக்கைகளுக்குச் சான்றாகப் போற்றினர். அவற்றையே 17-ஆம் நூற்றாண்டில் மாசச்சூசெட்ஸில் குடியேறிய ஆங்கிலேயர் சட்டப்படி செல்லும் பணமாக ஏற்றனர். மணியை மதித்தவர் அறிவிலிகள் என்றால், அப்பட்டம் ஆங்கிலேயரையும் சாரும்.

அரிக்கமேட்டின் சிறு மணிகள்

அற்பமென்று ஒதுக்கிய மணியைக் கையிலெடுத்து வரலாறு படித்தோரும் மேலைநாட்டாருள் இருந்தனர். அவர்களை வழிநடத்திய இடங்களுள் தலையாயது நம் சோழமண்டலக் கரையில் உள்ளது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில், மண்ணின் மேற்பரப்பிலேயே மணிகள் கிடைத்து வந்தன. பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் 1930-களில் அவ்விடத்தின் சிறப்பை உணர்ந்து ஆய்ந்தார். 1945-இல் மார்டிமர் வீலர் அங்கு அகழ்ந்து, ரோமானிய மட்கலங்களைக் கொண்டு அதன் காலத்தைக் கணித்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நிகழ்ந்தது.

ரோமானியச் சாடிகளே பலர் கண்களைக் கவர்ந்தன. பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்கரோ, சிவப்பும் பச்சையும் நீலமும் மஞ்சளுமான சிறு கண்ணாடி மணிகளையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டார். சில மில்லிமீட்டர் அளவே உள்ள இம்மணிகள், கிழக்கு, தென் ஆப்பிரிக்கா முதல் கொரியா, ஜப்பான் வரை மண்ணுக்கடியில் கிடைக்கின்றன. ஆதலின் அவற்றுக்கு இந்தோ–பசிபிக் மணிகள் என்று அவர் பெயரிட்டார். ஆசியக் கடல்வழி மணி வணிகம் பற்றிய அவருடைய பெருநூல் 2002-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

இம்மணிகள் அனைத்தும் தமிழகத்திலேயே செய்யப்பட்டவை என்று மார்தட்டுதல் பொருந்தாது. இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியத்நாமின் ஓக் ஏயோ முதலிய துறைமுகங்களிலும் இவை செய்யப்பட்டன. தொழில் அரிக்கமேட்டிலிருந்து சென்றது என்பதும், தொழிலாளரே கடல் கடந்து சென்றிருத்தல் வேண்டும் என்பதும் பிரான்சிஸின் கருத்து. இன்று திமோர், புளோரஸ் தீவுகளில், மணச் சீராகவும் குடும்பச் செல்வமாகவும் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும் செந்நிற மணிகள் இவ்வகையினவே.

அத்தொழிலின் தொடர்ச்சியைத் திருப்பதிக்கு அண்மையிலுள்ள பாப்பாநாயுடுபேட்டை என்னும் சிற்றூரில் அவர் கண்டார். 20-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அங்கே பழைய முறை வழங்கியது. உருகிய கண்ணாடியை உட்புழையுள்ள நீண்ட இரும்புக் குழலின் நுனியில் கூம்பாகத் திரட்டி, உலையிலிட்டு, நடுவில் துளை நிற்குமாறு மறுபுறத்திலிருந்து ஒருவர் இழுப்பார். நூல் நூற்பது போலக் கண்ணாடிக் குழாய் இடையறாது வெளிவரும். அதனைத் துண்டுகளாக நறுக்கிச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றினால், முனைகள் மழுங்கி உருண்டை மணிகளாகும்.

கொங்கு நாட்டில் நொய்யலாற்றங்கரைக் கொடுமணலும் மணிக்குப் பெயர் பெற்றது. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இதுவே என்பர். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பச்சைக்கல், படிகம், சூதுபவளம், நீலக்கல் ஆகியவற்றில் மணிகளும், முற்றுப்பெறாமல் பாதியில் விடப்பட்ட மணிகளும் கிடைத்தன. துளையிடுகையில் உடைந்த ஒரு மணியைக் காண்கையில், அதனை எறிந்து விட்டு அடுத்த கல்லை எடுத்தவனின் பெருமூச்சு நமக்குக் கேட்கின்றது. அவன் பெயர் எக்கல்வெட்டிலும் இல்லை. பொன்னை அரசர் உருக்கினர், அரண்மனைகள் இடிந்தன, அவன் கைம்மணியோ அழியாது கிடந்து அவனுக்குச் சான்று பகர்கின்றது.

சிறுமிக்கு உரிய விடை

இவற்றையெல்லாம் படித்த பின், அடுத்து வந்த ஞாயிறொன்றில் அச்சிறுமிக்கு விடை கூறினேன். “தமிழில் சொல் போதாமை இல்லை, அம்மா. கோயிலில் ஒலித்ததைக் கேட்டு நேரம் அறிந்தார்கள். ஆகவே நேரமும் மணியாயிற்று. ஆங்கிலேயரும் செபத்தை எண்ணி எண்ணி, எண்ணிய உருண்டைக்கே செபத்தின் பெயரை வைத்தார்கள். அவர்கள் சொல்லிலிருந்து செபம் உதிர்ந்து விட்டது. நம் சொல்லிலோ பழையதும் புதியதும் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன” என்றேன். அவள் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, “அப்படியென்றால் நடுவில் இருக்கும் நூல் எது, சார்?” என்று கேட்டாள்.

நூல் என்னும் சொல்லுக்கும் இரு பொருள் உண்டென்று அவளுக்கு அதுகாறும் யாரும் கூறியிருக்கவில்லை. கரும்பலகையில் அழித்த இடத்தில் ‘நூல்’ என்று எழுதினேன். அடுத்த பாடம் அதுவாயிற்று.